சர்வரில் யார் என்ன தட்டினார்கள்? டெர்மினல் செஷன் பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களுக்குள் ஆட்கள் வந்து செய்யும் வேலையைப் பதிந்து வைப்பது பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதிப் போடுகிறேன். கட்டளைப் பெயர்களைக் காதில் விழுகிறபடியே எழுதியிருக்கிறேன், கீபோர்டில் கை வைத்தால் எது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஏமாற்ற முடியுமா' என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

பாஷ் ஹிஸ்டரிதான் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. பாஷ் என்பது ஒரு ஷெல், அதாவது நீங்கள் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல், தட்டியதை அது ஒரு கோப்பில் எழுதி வைப்பதுதான் ஹிஸ்டரி. மேல் அம்புக்குறியை அமுக்கினால் பழைய கட்டளை வர வேண்டும், ஹிஸ்டரி வந்தது அதற்காகத்தான். அந்தக் கோப்பு வேலை செய்கிறவரின் ஹோம் டைரக்டரியில் அவருடைய உரிமையில் இருக்கிறது, நினைத்தால் விஐ எடிட்டரில் திறந்து இரண்டு வரியை எடுத்துவிட்டு மூடிவிடலாம். ஹிஸ்ட்ஃபைல் மாறியை அன்செட் செய்தால் எழுதவே எழுதாது. டெபியன், உபுண்டுவில் வழக்கமாக வரும் அமைப்பில் கட்டளைக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டாலே அந்த வரி ஹிஸ்டரிக்குப் போகாது. ஷெல் ஒழுங்காக மூடும்போதுதான் கோப்பில் எழுதும் என்பதால், தன் ஷெல்லையே கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றுவிட்டால் அந்தச் செஷனில் செய்தது மொத்தமும் காணாமல் போகும்.

கெட்ட எண்ணமே இல்லாதவரிடமும் இது காலை வாரும். ஹிஸ்ட்டைம்ஃபார்மட் வைத்திருந்தால் ஒழிய எந்தக் கட்டளை எத்தனை மணிக்கு ஓடியது என்று தெரியாது. பல கணினிகளில், இரண்டு விண்டோ திறந்து வேலை பார்த்தால் கடைசியாக மூடியது முன்னதன் மேல் எழுதிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, கட்டளைக்கு என்ன பதில் வந்தது என்பது அதில் கிடையாது. விஐ-க்குள் எந்த வரியை மாற்றினார், டேட்டாபேஸ் ப்ராம்ப்டில் எந்த டேபிளை டிராப் செய்தார் என்பதும் கிடையாது. 'விஐ' என்றும் ஒரு கோப்பின் பெயரும் மட்டும் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிப்பது?

அப்படியானால் செஷன் பதிவு எதைத்தான் பதிகிறது?

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக வரும் முறை) வழியாக உள்ளே வந்ததும் சர்வர் உங்களுக்கு ஒரு போலி டெர்மினலை உண்டாக்கிக் கொடுக்கிறது. பிடிஒய் என்பது அதுதான். ஒரு குழாய்க்கு இரண்டு முனை மாதிரி, ஒரு முனையை சர்வரின் எஸ்எஸ்ஹெச் நிரலான எஸ்எஸ்ஹெச்-டி பிடித்திருக்கிறது, மறுமுனையில் உங்கள் ஷெல் உட்கார்ந்திருக்கிறது. பதிவு செய்யும் நிரல் நடுவில் இன்னொரு பிடிஒய்-யைச் செருகிக்கொண்டு, போகிற வருகிற பைட்டுகளை எல்லாம் நேரத்தோடு ஒரு நகல் எடுக்கிறது.

போகிறது என்றால் நீங்கள் அமுக்கும் விசைகள். வருகிறது என்றால் திரையில் தெரிவது. நீங்கள் தட்டும் எழுத்து எக்கோ ஆகித் திரைக்கும் வந்துவிடுவதால், பெரும்பாலான இடங்களில் வருகிறதை மட்டும் பதிந்தாலே போதும். விண்டோ எத்தனை வரி, எத்தனை நெடுவரிசை என்ற மூன்றாவது தகவலும் தேவை, அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஸ்கிரிப்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறதே?

இருக்கிறது, 1979-இல் வந்த 3பிஎஸ்டி யுனிக்ஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. 'ஸ்கிரிப்ட்' என்று தட்டினால் அந்த நொடியிலிருந்து திரைக்கு வருவதெல்லாம் 'டைப்ஸ்கிரிப்ட்' என்ற கோப்பில் சேரும், எக்ஸிட் கொடுத்தால் நின்றுவிடும். அதன் மேன் பக்கத்தில், மாணவர்கள் பாடவேலையைச் செய்து முடித்ததற்கு ஆதாரமாக அச்சிட்டுக் கொடுக்க இது உதவும் என்று எழுதியிருக்கும். அந்த வரியிலேயே கருவியின் குணம் தெரிந்துவிடுகிறது. 'நான் செய்தேன், பாருங்கள்' என்று காட்ட விரும்புகிற ஆளுக்காகச் செய்தது அது, பேனா அவர் கையில்தான் இருக்கும்.

அந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. நள்ளிரவில் ஏதாவது பெரிய மாற்றம் செய்யப் போகிறேன் என்றால் முதல் கட்டளையே ஸ்கிரிப்ட்தான், மறுநாள் காலை 'நீ என்ன செய்தாய்' என்று கேட்கும்போது யோசிக்க வேண்டியதில்லை. டைமிங் கோப்பும் சேர்த்து எடுத்து வைத்தால் ஸ்கிரிப்ட்ரீப்ளே அதே வேகத்தில் திரும்ப ஓட்டிக் காட்டும், நீங்கள் டீ குடிக்கப் போன இருபது நிமிடத்தைச் சுருக்க மைனஸ் எம் என்ற ஆப்ஷன் இருக்கிறது. 2020-இல் வந்த யூடில்-லினக்ஸ் (லினக்ஸில் ஸ்கிரிப்ட் வரும் தொகுப்பு) 2.35-இலிருந்து விசைகளையும் தனியாகப் பதியலாம், கூடவே ஸ்கிரிப்ட்லைவ் என்று ஒன்று வந்தது. பெயர் ரீப்ளே மாதிரி இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். ரீப்ளே வெறும் படம் காட்டும். லைவ் அந்த விசைகளை உண்மையான ஷெல்லில் மறுபடி தட்டும், பதிவில் கோப்பை அழிக்கும் ஆர்எம் இருந்தால் ஆர்எம் மறுபடி ஓடும்.

மற்றவர்களைப் பதிய இதைப் பயன்படுத்தினால்தான் சிக்கல். கோப்பு அவர்களுடையது, ஸ்கிரிப்ட் ஓடுவதும் அவர்கள் பெயரில். நடுவில் கோப்பை ஆர்எம் செய்துவிட்டால் ஸ்கிரிப்ட் ஒன்றும் தெரியாமல் கடைசி வரை எழுதிக்கொண்டே இருக்கும், எக்ஸிட் கொடுத்ததும் எல்லாம் காற்றோடு போய்விடும். வெறுமனே காலி செய்தால், ஸ்கிரிப்ட் பழைய இடத்திலிருந்தே எழுதுவதால் கோப்பின் முன்பாதி பூஜ்யங்களாக இருக்கும். அப்போதாவது யாரோ கை வைத்தது தெரியும்.

பாஷ்ஆர்சி கோப்பில் ஸ்கிரிப்ட் வரியைப் போட்டேன், லாகின் ஆனதும் தொங்குகிறது. ஏன்?

எல்லோரும் ஒரு தடவை செய்கிற தப்பு, நானும் செய்திருக்கிறேன். ஸ்கிரிப்ட் ஒரு புது ஷெல்லைத் திறக்கும், அது தன் தொடக்க அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியைப் படிக்கும், அதில் ஸ்கிரிப்ட் வரி இருக்கிறது, அது இன்னொரு ஷெல்லைத் திறக்கும், இப்படியே போகும். ஏற்கெனவே பதிவில்தான் இருக்கிறோமா என்று ஒரு சூழல் மாறியை வைத்துப் பார்த்துக்கொண்டால் இது தீரும்.

அடுத்த நாள் யாராவது வந்து, எஸ்எஸ்ஹெச் வழியாகக் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி வேலை செய்யவில்லை என்பார்கள். டெர்மினல் இல்லாமல் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு கட்டளை மட்டும் ஓடும்போதும் பாஷ் அந்தக் கோப்பைப் படிக்கிறது, நீங்கள் திரையில் காட்ட நினைத்த வாசகம் கோப்பு போக வேண்டிய வழியில் போய் விழுகிறது. கோப்பு அனுப்பும் இன்னொரு முறையான எஸ்எஃப்டிபி அந்த வாசகத்தின் முதல் நான்கு எழுத்தைப் பொட்டலத்தின் நீளம் என்று நினைத்துக்கொண்டு, செய்தி மிக நீளம் என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டி நின்றுவிடும். அந்த எண் 1399026281 என்றால் சந்தேகமே வேண்டாம், ஸ்கிரிப்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்தின் மதிப்பு அது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0-இலிருந்து எஸ்சிபியும் உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் இரண்டிலும் இதே கதை. இன்டராக்டிவ் ஷெல்தானா என்று முதல் வரியிலேயே சோதித்துவிடுங்கள். அதைவிட, இந்த வழியையே விட்டுவிடுங்கள்.

சூடோவே பதிவு செய்யுமாமே?

ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் பெயரில் ஒரு கட்டளையை ஓட்டித் தருவதுதான் சூடோ. அது பதிவும் செய்யும், நிறைய பேருக்கு இது தெரியாது. புதிதாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை, சூடோஎர்ஸ் கோப்பில் டிஃபால்ட்ஸ் வரியில் லாக்_அவுட்புட் என்று சேர்த்தால் போதும். சூடோ வழியாக ஓடும் ஒவ்வொரு கட்டளையின் திரையும் /வார்/லாக்/சூடோ-ஐஓ டைரக்டரியில் ரூட் உரிமையில் போய்ச் சேரும். 'சூடோ மைனஸ் ஐ' கொடுத்து ரூட் ஷெல்லுக்குப் போனாலும் அந்த ஷெல்லில் நடப்பது முழுக்கப் பதிவாகும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆறு இலக்க எண் ஒன்று உண்டு, இலக்கம் என்றாலும் எழுத்தும் கலந்து 36-அடிமானத்தில் எண்ணுகிறது, 36-இன் ஆறாம் அடுக்கு வரை போகலாம் என்பதால் தீர்ந்துபோகும் என்ற கவலை இல்லை. சூடோரீப்ளே மைனஸ் எல் பட்டியலைக் காட்டும், எண்ணைக் கொடுத்தால் ஓட்டிக் காட்டும். ஓடும்போது ஸ்பேஸ் அமுக்கினால் நிற்கும், பெரிது-சிறிது குறிகளால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த நிரல் இது. 2020 மே மாதம் வந்த 1.9.0 பதிப்பில் சூடோ_லாக்சர்வ்-டி என்று ஒரு சர்வரும் சேர்ந்தது. அதற்குப் பிறகு பதிவுகளை நேராக வேறொரு கணினிக்கே அனுப்பிவிடலாம், டிஎல்எஸ் மறையாக்கம் போட்டால் 30344 போர்ட். என்னைக் கேட்டால் சூடோ பதிவு முழு மதிப்பு பெற்றது அப்போதுதான்.

குறை என்னவென்றால், சூடோ போடாமல் செய்தது எதுவும் இதில் வராது. உங்கள் அப்ளிகேஷன் கோப்புகள் எல்லாம் டிப்ளாய் பயனரின் பெயரில் இருந்து, எல்லோரும் அந்தக் கணக்கிலேயே நேராக லாகின் ஆகிறார்கள் என்றால் சூடோ பதிவால் அரைக்காசுப் பயன் இல்லை.

பதிவை இயக்கிய பிறகு சூடோவே ஓடவில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது. என்ன ஆயிற்று?

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நடந்தது. யாரோ கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) சூடோ டார் (கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டும் கட்டளை) போட்டு அதன் வெளியீட்டைப் பைப் வழியாக வேறொரு கணினிக்கு பேக்கப் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பல வருடமாக ஒழுங்காக ஓடிய வேலை. லாக்_அவுட்புட் என்றால் திரைக்கு வருவது மட்டும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பைப்பில் போகிற ஸ்டேண்டர்ட் அவுட்புட்டும் அதில் சேர்த்தி. பேக்கப் முழுவதும் ஒரு நகல் /வார் பார்ட்டிஷனில் விழுந்து அது நிரம்பிவிட்டது. பதிவு எழுத முடியாவிட்டால் கட்டளையை ஓடவே விடக் கூடாது என்பது சூடோவின் வழக்கமான நடத்தை, ஆகவே இடத்தைக் காலி செய்யச் சூடோ வேண்டும், சூடோ ஓட இடம் வேண்டும். கடைசியில் கன்சோல் வழியாக ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனோம், அந்தப் பாஸ்வேர்டு எந்த உறையில் இருக்கிறது என்று தேடவே முக்கால் மணி நேரம்.

இக்னோர்_ஐஓலாக்_எரர்ஸ் என்ற அமைப்பை இயக்கினால் பதிவு தோற்றாலும் கட்டளை ஓடும். அதை இயக்குவதா வேண்டாமா என்பது உங்கள் நிறுவனத்தின் முடிவு. வங்கி மாதிரி இடங்களில் 'பதிவு இல்லையேல் வேலையும் இல்லை' என்பது சரி. மூன்று பேர் இருக்கிற கம்பெனியில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எப்படியானாலும் பதிவுக்குத் தனிப் பார்ட்டிஷன் கொடுங்கள், டார் போன்ற கட்டளைகளுக்கு விலக்கு எழுதுங்கள், புதிய பதிப்பு என்றால் டெர்மினல் வெளியீட்டை மட்டும் பதியச் சொல்லும் தனி அமைப்பும் இருக்கிறது. சூடோரீப்ளேக்கும் மறக்காமல் விலக்கு எழுதுங்கள், இல்லாவிட்டால் பதிவைப் பார்ப்பதும் பதிவாகும், அதைப் பார்த்தால் அதுவும் பதிவாகும்.

டி-லாக் என்பது என்ன?

ரெட் ஹேட் ஆட்கள் எழுதியது, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இலிருந்து கூடவே வருகிறது. சூடோ மாதிரி கட்டளைக்கு மட்டும் என்றில்லாமல் லாகின் செஷன் முழுவதையும் பதியும். டி-லாக்-ரெக்-செஷன் என்ற நிரல் பயனரின் லாகின் ஷெல்லாக உட்கார்ந்துகொண்டு, உண்மையான ஷெல்லை உள்ளே திறந்து விடுகிறது. யாரைப் பதிய வேண்டும் என்று, பயனர் கணக்குகளைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி-யின் அமைப்பில் எழுதலாம்: ஒருவரும் வேண்டாம், குறிப்பிட்ட பயனர்களும் குழுக்களும் மட்டும், எல்லோரும் என்று மூன்று வகை. குழுவாக வைப்பது நல்லது, வெளி ஒப்பந்ததாரர்கள் எல்லோரையும் ஒரு குழுவில் போட்டுவிட்டால் ஆள் மாறினாலும் அமைப்பைத் தொட வேண்டாம்.

பதிவு ஜேசன் என்ற எழுத்து வடிவில், கணினியின் லாகுகள் சேரும் ஜர்னலுக்கோ சிஸ்லாகுக்கோ போகும், அங்கிருந்து ஏற்கெனவே இருக்கிற லாக் சர்வருக்குப் போய்விடும், தனிக் குழாய் போட வேண்டியதில்லை. பொட்டலம் 2048 பைட் சேர்ந்ததும் அனுப்பும், சேராவிட்டாலும் பத்து வினாடிக்கு மேல் வைத்திருக்காது. முக்கியமான விஷயம், இந்த நிரல் செட்யுஐடி வழியாக வேறொரு பயனரின் பெயரில் ஓடுகிறது, அதனால் பதியப்படுகிறவர் அதைத் தொட முடியாது. ஸ்கிரிப்டில் குறை என்று சொன்னேனே, அதே இடத்தை அடைக்கத்தான் இது.

ஒரு வேடிக்கை. பதிவில் இருக்கிற டெர்மினலில் ரூட்டாக, ஜர்னலை நேரலையில் காட்டும் ஜர்னல்சிடிஎல் மைனஸ் எஃப் போட்டால், திரையில் வரும் வரி பதிவாகி ஜர்னலுக்குப் போகும், ஜர்னலுக்குப் போனது திரைக்கு வரும், அது மறுபடி பதிவாகும். எதிரெதிரே இரண்டு கண்ணாடி வைத்த சலூன் மாதிரிதான். டி-லாக் வரிகளை க்ரெப்பால் வடிகட்டிவிட்டுப் பாருங்கள்.

ஆடிட்-டி ஏற்கெனவே ஓடுகிறது. அதுவே போதுமா?

அது வேறு ஜாதி, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கொடுக்கும் தணிக்கைத் தகவலை எழுதி வைக்கும் நிரல். ஆடிட்-டி-யில் இரண்டு வழி உண்டு. பேம்_டிடிஒய்_ஆடிட் மாட்யூலை இயக்கினால் கெர்னலே விசைகளைப் பிடித்துக் கொடுக்கும், ஏயூரிப்போர்ட் மைனஸ் மைனஸ் டிடிஒய் போட்டுப் பார்க்கலாம். திரையில் என்ன தெரிந்தது என்பது வராது. மேல் அம்பு, டேப், பேக்ஸ்பேஸ் என்று வரிசையாக இருக்கும், மேல் அம்பு நான்கு தடவை அமுக்கி என்டர் அடித்தால் எந்தக் கட்டளை ஓடியது என்று அதை வைத்து யாரால் சொல்ல முடியும்?

இரண்டாவது வழி, ஒரு நிரலை ஓட்டச் சொல்லிக் கெர்னலைக் கேட்கும் எக்ஸெக்-விஈ சிஸ்டம் காலுக்கு ஒரு விதி எழுதுவது. எந்த நிரல் எந்த வாதங்களோடு ஓடியது என்பது துல்லியமாகக் கிடைக்கும். ஏயூஐடி என்ற எண் முதலில் லாகின் ஆனவரையே குறிக்கும், பிறகு எஸ்யூ போட்டு ரூட் ஆனாலும் அது மாறாது, 'ரூட் செய்தார்' என்று மொட்டையாக இல்லாமல் ரூட்டாக இருந்தது யார் என்பது தெரிந்துவிடும். ஆனால் ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகளுக்கு எக்ஸெக் நடக்காது. ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் பெரிது குறி போட்டு என்டர் அடித்தால் கோப்பு காலி, எக்ஸெக் விதிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை, செஷன் பதிவு திரையைக் காட்டும், ஆடிட் அடியில் ஓடியதைச் சொல்லும். முடிந்தால் இரண்டையும் வையுங்கள்.

பாஸ்வேர்டுகளும் பதிவாகிவிடுமா?

திரையை மட்டும் பதிந்தால், எக்கோ ஆகாத பாஸ்வேர்டு பதிவில் இருக்காது. விசைகளைப் பதிந்தால் இருக்கும். சூடோவில் லாக்_இன்புட் இயக்கியிருந்தால் உள்ளே தட்டும் பாஸ்வேர்டு அப்படியே கோப்பில் விழும். 2022-இல் வந்த 1.9.10 பதிப்பில் லாக்_பாஸ்வேர்ட்ஸ் என்ற அமைப்பு வந்தது, அதை அணைத்துவிட்டால் பாஸ்வேர்டு கேட்கும் ப்ராம்ப்டைப் பார்த்து நட்சத்திரக் குறி போட்டு மறைக்க முயலும். தானாக அணைந்திருக்காது, நீங்கள்தான் அணைக்க வேண்டும். டி-லாக்கில் விசைப் பதிவு ஆரம்பத்திலேயே அணைந்துதான் வரும். பேம்_டிடிஒய்_ஆடிட்டும் தனியாகக் கேட்டால்தான் பாஸ்வேர்டைப் பதியும். நல்ல காரணம் இல்லாமல் விசைகளைப் பதியாதீர்கள்.

திரை மட்டும்தானே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. மைஎஸ்க்யூஎல் கட்டளையில் மைனஸ் பி-க்குப் பின்னால் பாஸ்வேர்டை ஒட்டித் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ரகசியக் கோப்பை கேட் கட்டளை போட்டுத் திரையில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் என்று செலக்ட் போட்டால் வரிசையாக வரும். பதிவு வைத்திருக்கும் டைரக்டரியை உங்கள் சாவிக்கொத்து மாதிரி பாதுகாக்க வேண்டும்.

இதை ஏமாற்ற முடியுமா?

முடியும். பதிவிலிருந்து தப்ப மூன்று வகை வழி இருக்கிறது.

பதிவாகும், ஆனால் புரியாது என்பது முதல் வகை. பேஸ்64 குறியீட்டில் ஒரு நீளமான சரத்தைக் கொண்டுவந்து அவிழ்த்து ஷெல்லுக்குப் பைப் செய்தால் திரையில் தெரிவது குப்பை. ஒரு ஷெல் நிரலை வெளியிலிருந்து கொண்டுவந்து ஓட்டினால் அதன் பெயர் மட்டும் தெரியும். இதற்கு மருந்து எக்ஸெக் ஆடிட்தான். டெலிபோர்ட் மாதிரியான கருவிகள் இபிபிஎஃப் (கெர்னலுக்குள் சின்ன நிரல்களை ஓட்டும் வசதி) வழியாகக் கெர்னலிலிருந்து கட்டளைகள், திறந்த கோப்புகள், நெட்வொர்க் இணைப்புகளையும் செஷனோடு சேர்த்துப் பதிவதும் இதற்காகத்தான்.

பதிவுக்கே வராதது இரண்டாவது. எஸ்எஸ்ஹெச்-இல் மைனஸ் பெரிய என் போட்டு போர்ட் ஃபார்வர்டிங் மட்டும் செய்தால் ஷெல்லே கிடையாது, உங்கள் சர்வரைப் பாலமாக வைத்து டேட்டாபேஸுக்குள் போய்விடலாம், செஷன் பதிவில் ஒரு வரி கூட இருக்காது. எஸ்எஃப்டிபியும் அப்படித்தான். கிரானில் ஒரு வேலையைப் போட்டுவிட்டு வெளியே போனால், போட்டது தெரியும், ஓடியபோது என்ன செய்தது என்பது தெரியாது. எஸ்எஸ்ஹெச்-டி அமைப்பில் தேவையில்லாத ஃபார்வர்டிங்கை அணைப்பதுதான் முதல் வேலை. ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மூன்றாவது வகை ரூட். பதிவு செய்யும் நிரலைக் கொன்றால் பிடிஒய்-யின் முனை அறுந்து அந்தச் செஷனே விழுந்துவிடும், அதனால் சத்தமில்லாமல் கொல்வது கடினம். ஆனால் ரூட் ஆன பிறகு அமைப்பை மாற்றலாம், கோப்பை அழிக்கலாம், ஆடிட்டை நிறுத்தலாம். அதே கணினியில் வைத்திருக்கிற எதையும் ரூட்டிடமிருந்து காப்பாற்ற முடியாது. பதிவு அந்தக் கணினியைவிட்டு வெளியே போக வேண்டும், போய்ச் சேரும் கணினியில் இந்த ஆட்களுக்குக் கணக்கே இருக்கக் கூடாது.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1986-இல் நடந்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர், கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடிக்கிறதே என்று நோண்டப் போய், யாரோ வெளியாள் சூப்பர்யூசராகவே உள்ளே உலவுவதைக் கண்டுபிடித்தார். உள்ளே வந்தவன் ரூட், அதே கணினியில் எதைப் பதிந்தாலும் அவன் பார்த்துவிடுவான். ஸ்டோல் கணினியைத் தொடவே இல்லை, வெளியிலிருந்து உள்ளே வரும் லைன்களில் பிரிண்டர்களை மாட்டிவிட்டார். அவன் தட்டியதும் கணினி பதில் சொன்னதும் காகிதத்தில் அச்சாகிக்கொண்டே இருந்தன, அவனுக்கு அது தெரிய வழியே இல்லை. கடைசியில் அவன் ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த மார்கஸ் ஹெஸ் என்று தெரியவந்தது, எடுத்த தகவல் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்குப் போயிருந்தது. இன்று நாம் செய்கிற பாஸ்டியன், ஜம்ப் ஹோஸ்ட் எல்லாம் அந்தப் பிரிண்டர்தான். எல்லோரும் ஒரே வாசல் வழியாக வர வேண்டும், பதிவு வாசலில் நடக்க வேண்டும், உள்ளே ரூட் ஆனாலும் வாசலில் ரூட் ஆக முடியாது.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

பயப்படுகிற அளவுக்கு இல்லை, எழுத்துதானே. 80-க்கு 24 திரை முழுக்க நிரம்பினால் 1920 எழுத்து. ஓடும் நிரல்களைக் காட்டும் டாப் கட்டளை மூன்று வினாடிக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறது, மணிக்கு 1200 தடவை, ஒவ்வொரு தடவையும் முழுத் திரையையும் வரைகிறது என்று வைத்தாலும் சுமார் 2.3 எம்பி. 200-க்கு 50 என்று பெரிய விண்டோவில் டாப்பைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால் நாளுக்கு 290 எம்பி வரை போகலாம், சுருக்கினால் அதில் சின்னப் பகுதிதான் மிஞ்சும். சூடோ பதிவுகள் தானாகவே ஜிஜிப் ஆகின்றன. டி-லாக்கில் வினாடிக்கு 16384 பைட் என்று ஒரு வேக வரம்பு இருக்கிறது, ஆனால் மீறினால் சும்மா விட்டுவிடு என்பதுதான் தொடக்க நிலை. மெதுவாக்குவதோ தள்ளிவிடுவதோ வேண்டும் என்றால் நீங்கள் மாற்ற வேண்டும்.

பதிவைத் திரும்ப ஓட்டினால் திரை கந்தலாக இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. விஐ, டாப் எல்லாம் 'இந்த வரிசையில் இந்த நெடுவரிசைக்குப் போ' என்று எஸ்கேப் குறியீடு அனுப்பித்தான் வரைகின்றன. பதிந்தவரின் விண்டோ 160 நெடுவரிசை, உங்களுடையது 80 என்றால் எல்லாம் மடங்கி விழும். விண்டோ அளவைப் பதிய வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்குத்தான். அதே அளவுக்கு இழுத்துவிட்டு ஓட்டுங்கள்.

டைப்ஸ்கிரிப்டை நேராக கேட் போட்டுப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கிற எஸ்கேப் குறியீடுகள் உங்கள் டெர்மினலில் ஓடும், சந்தேகப்படும் ஆளின் பதிவு என்றால் வேண்டுமென்றே ஏதாவது வைத்திருக்கலாம். எழுத்து மட்டும் போதும் என்றால் கோல் மைனஸ் பி (பேக்ஸ்பேஸின் பி) வழியாக விடுங்கள், பேக்ஸ்பேஸ் குப்பை போகும்.

ஊழியர்களிடம் சொல்லிவிட்டுத்தான் பதிய வேண்டுமா? எத்தனை நாள் வைத்திருப்பது?

சொல்லிவிடுங்கள். டி-லாக் லாகின் ஆனதுமே 'உங்கள் செஷன் பதிவாகிறது' என்று ஒரு வரி காட்டும், அதை எடுத்துவிடச் சொல்லி என்னிடம் கேட்ட மேலாளர்கள் உண்டு, நான் எடுக்கவில்லை. தெரியாமல் பதிந்தால் ஒரு நாள் தெரிய வரும், அன்றோடு அந்தக் குழுவில் ஒருவரும் உங்களை நம்ப மாட்டார்கள். வேலை ஒப்பந்தத்திலேயே ஒரு பத்தி எழுதி, எழுதும் முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

நாள் கணக்கு: இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் சுழற்சியில் வைத்திருக்க வேண்டும், சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிக் கடிகாரமும் குறிப்பிட்ட என்டிபி சர்வர்களோடு ஒத்திருக்க வேண்டும். கடிகார விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள், இரண்டு சர்வர் பதிவுகளை ஒப்பிடும்போது ஏழு நிமிட வித்தியாசம் இருந்தால் மண்டை காய்ந்துவிடும். கார்டு பணப் பரிவர்த்தனை என்றால் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலை 12 மாதம் கேட்கிறது, கடைசி மூன்று மாதம் உடனே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இத்தனையையும் யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒருவரும் பார்க்க மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. ஏதாவது உடைந்த அன்று அந்த நேரத்துப் பதிவை எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் மாதம் ஒரு தடவை நான்கு பதிவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஓட்டிப் பாருங்கள், ஆளைப் பிடிக்க இல்லை, பதிவு உண்மையிலேயே விழுகிறதா என்று பார்க்க. மூன்று மாதமாக வெறும் பூஜ்ய பைட் கோப்புகள் சேர்ந்துகொண்டிருந்ததைத் தணிக்கைக்கு முந்தின நாள் கண்டுபிடித்த ஆட்களை எனக்குத் தெரியும்.

அசினிமாவை சர்வரில் பயன்படுத்தலாமா?

டெர்மினலைப் பதிந்து பாடம் சொல்லிக்கொடுக்க, டெமோ காட்ட அருமையான கருவி, கோப்பும் எளிது, முதல் வரியில் அகலம் உயரம், பிறகு வரிக்கு ஒரு நேரமும் வெளியீடும். தணிக்கைக்கு இல்லை. பழைய பதிப்புகளில் கோப்புப் பெயர் கொடுக்காமல் பதிந்தால் முடிவில் 'என்டர் அடித்தால் இணையத்தில் ஏற்றுகிறேன்' என்று கேட்கும், பழக்க தோஷத்தில் என்டர் அடித்தால் உங்கள் ப்ரொடக்ஷன் சர்வரின் திரை வெளியே போய்விடும்.

ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி வைத்திருக்கிறோம். அங்கே?

ஃப்ரீபிஎஸ்டி ஸ்கிரிப்டில் மைனஸ் ஆர் போட்டால் நேரத்தோடு பதியும், மைனஸ் பி போட்டால் அதே கட்டளையே ஓட்டிக் காட்டும், தனி ரீப்ளே நிரல் தேவையில்லை. வாட்ச் கட்டளையால் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினலை நேரலையில் பார்க்கலாம் (லினக்ஸ் வாட்ச் இல்லை, பெயர் மட்டும்தான் ஒன்று). ஓப்பன்பிஎஸ்டியில் சூடோவின் இடத்தில் இருக்கும் டூஆஸ் எந்தக் கட்டளை ஓடியது என்று சிஸ்லாகில் எழுதுவதோடு சரி, திரையைப் பதியாது. வேண்டுமென்றால் அங்கேயும் சூடோவை நிறுவிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் நாலு சர்வர், ஐந்து பேர். எங்கே ஆரம்பிப்பது?

முதலில் பொதுக் கணக்கை ஒழியுங்கள். ஐந்து பேரும் ஒரே பெயரில் லாகின் ஆகிறார்கள் என்றால் எவ்வளவு அழகாகப் பதிந்தாலும் யார் என்று தெரியாது. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு எஸ்எஸ்ஹெச் சாவி. அப்புறம் சூடோ பதிவை இயக்கி, ஐந்தாவதாக ஒரு சின்னக் கணினியில் சூடோ_லாக்சர்வ்-டி வைத்து அங்கே அனுப்புங்கள், அந்தக் கணினியின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், அவர் சர்வர்களில் அன்றாட வேலை செய்கிறவராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. எக்ஸெக் ஆடிட் விதியையும் சேர்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. டி-லாக்கும் பாஸ்டியனும் வெளியாட்கள் உள்ளே வரத் தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு மதிய நேரம் ஒதுக்கி, உங்களில் குறும்பு பிடித்த ஒருவரிடம் ஒரு சோதனை சர்வரைக் கொடுத்து, தடயம் இல்லாமல் ஒரு கோப்பை அழித்துக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி கழித்து லாக் கணினியைத் திறந்து, அவர் செய்ததில் எது எது வந்து சேர்ந்திருக்கிறது என்று அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வந்து சேராததைப் பட்டியல் போட்டால் அடுத்த வாரத்துக்கான வேலை தயார்.